சுடுகின்ற தொடுமுனை

மின்னோட்டம் செல்லும் வழி முழுவதும் ஒரே அளவில் சூடாவதில்லை. கம்பி குளிர்ந்திருக்கும், மின்னோடி தன் இயல்பான இளஞ்சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும், இடையிலுள்ள தொடுமுனை மட்டும் கைவைக்க ஒட்டாமல் கொதிக்கும். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கிணற்று மேட்டு மோட்டார் அறைக்குள் நுழைபவர் இதனைக் கண்ணால் காணுமுன் மூக்கால் உணர்வர். ஸ்டார்ட்டர்ப் பெட்டியில் பேக்லைட் கருகும் நெடியை ஒருமுறை நுகர்ந்தவர் மறப்பதில்லை. வந்து பார்க்கும் எலக்ட்ரீசியன், "பாயிண்ட்டு தீஞ்சு போச்சுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவர் சொல்வது பிழையன்று. ஆயினும், மின்னோடிக்குள் நெடுநீளச் செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்க, ஆழ்துளைக் கிணற்றுக்குள் பல நூறடிக் கேபிள் தொங்க, அவற்றிலெல்லாம் ஓடிய அதே மின்னோட்டம் விரல்நுனி அளவுள்ள ஓர் உலோகப் பொட்டில் மட்டும் ஏன் தீயாகிறது என்னும் வினா அந்த ஒரு வரியில் அடங்குவதில்லை.

இவ்வினாவைச் சிறிதும் மறைப்பின்றிக் காட்டும் கருவி ஒன்று உண்டு. மின்னணு சிகரெட்டுகளுள் மெக்கானிக்கல் எனப்படும் வகை அது. இந்தியாவில் அதற்கு இடமில்லை. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தாலும் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தாலும் மின்னணு சிகரெட்டுகளின் ஆக்கமும் இறக்குமதியும் விற்பனையும் விளம்பரமும் தடைசெய்யப்பட்டன. தடை மக்கள் நலம் கருதியது. இக்கட்டுரையாளர்க்கு அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அக்கருவியின் அமைப்பு இயற்பியல் மாணவர்க்கு நல்ல பாடம். ஓர் உலோகக் குழல். அதனுள் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு லித்தியம் மின்கலம். ஒரு முனையில் சூடேறும் கம்பிச் சுருள். மறுமுனையில் அழுத்தும் பொத்தான். குழலின் உடலே மின்னோட்டத்தின் திரும்பு வழி. இடையில் மின்னணுச் சில்லு இல்லை. உருகு கம்பி இல்லை. வரம்பு காட்டி நிறுத்தும் காவல் ஏதும் இல்லை.

முழுதும் ஏற்றப்பட்ட அம்மின்கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ட். சுருளின் தடை 0.2 ஓம் எனின், ஓம் 1827இல் வெளியிட்ட விதிப்படி 21 ஆம்பியர் பாயும். ஒரு வீட்டின் மின்விளக்குகளும் மின்விசிறிகளும் சேர்ந்து இழுக்கும் ஓட்டத்தினும் இது மிகுதி. பொத்தானின் தொடுமுனையில் 5 மில்லி ஓம் தடை இருப்பின், ஜூல் 1841இல் வெளியிட்ட விதிப்படி அங்கே பிறக்கும் வெம்மை 2.2 வாட். அழுக்கேறித் தடை 20 மில்லி ஓம் ஆனால் 8.8 வாட், பொத்தானில் வைத்த விரல் பின்வாங்கும். தடை 5 மில்லி ஓமாகவே இருந்து, ஆவி மிகவேண்டிச் சுருளின் தடையை 0.1 ஓமாகப் பாதியாக்கினாலும் அதே 8.8 வாட்தான். ஓட்டம் இரட்டிக்க வெம்மை நான்கு மடங்காகும் என்னும் இருமடி விதியின் வேலை அது. ஆகவே அப்பொத்தான் சுட்டால் ஐயுறவேண்டியவை இரண்டு: வழியிலுள்ள தடை கூடிற்றா, அன்றி வழியில் விடுத்த ஓட்டம் கூடிற்றா? கிணற்று மேட்டு ஸ்டார்ட்டருக்கும் இவையே இரு வினாக்கள்.

அக்குழல்களில் மற்றொரு குறையும் இருந்தது. பழைய அமைப்புகளில் பொத்தானை மீட்கும் சுருள்வில்லின் வழியாகவே மின்னோட்டமும் சென்றது. எஃகின் மின்தடை செம்பினதைப் போல் பன்மடங்கு. வில்லோ மெலிந்து நீண்ட கம்பி. அது சிவக்கச் சூடேறித் தன் முறுக்கை இழந்து சுருங்கிப்போகும். மீட்கும் வில் மடிந்தபின் பொத்தான் மேலெழாது. விரல் எடுத்தபின்னும் மின்கலம் எரிந்துகொண்டேயிருக்கும். 2018இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் 2019இல் டெக்சாஸிலும் இத்தகைய கருவிகள் வெடித்து மாந்தர் மாண்டனர். விளையாட்டுப் பொருளன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

கோவைக்கு வருவோம். கையடக்கக் கருவியில் மின்கலமும் விசையும் ஒருங்கே அமைக்கும் கலை இவ்வூர்க்குப் புதிதன்று. சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, உலர்மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய ரசாந்த் என்னும் சவரக் கருவியை ஆக்கியவர். உலர்மின்கலக் கருவியில் தொடுமுனைச் சிக்கல் வேறு முகம் கொள்ளும். ஒற்றைக் கலத்தின் அழுத்தம் 1.5 வோல்ட், தொடுமுனையில் 0.3 வோல்ட் வீணானால் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் போயிற்று. அங்கே சூட்டைவிடத் தளர்ச்சியே முதலில் தெரியும். மங்கி எரியும் டார்ச் விளக்கை உள்ளங்கையில் இருமுறை தட்டினால் பளிச்சிடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தட்டும் அதிர்வில் தொடுமுனையின் களிம்பு கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொடுகிறது; நிகழ்வது அவ்வளவே.

இனி வயலின் மின்னோடி. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஆக்கத் தொடங்கியபின் கோவையில் ஆலைகள் பெருகின. 1937இல் பீளமேட்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உருவாக்கியதே இந்தியாவில் ஆக்கப்பெற்ற முதல் மின்னோடி என்று போற்றப்படுகிறது. எருது பூட்டிக் கவலை இறைத்த கொங்குக் கிணறுகளில் மின்னோடி இறங்கியது. பாறை நிலம், குறைமழை, தாழும் நீர்மட்டம் என்னும் மூன்றும் இங்குள்ளோரை எக்கி (பம்பு) செய்யப் பழக்கின. பீளமேட்டிலும் கணபதியிலும் வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் அதனைச் சூழ்ந்து வளர்ந்தன. எக்கியின் சுழலி, மின்னோடியின் சுற்று, குழாயின் விட்டம் ஆகியவை பற்றி இம்மண்ணில் தேர்ச்சியோடு பேசவல்லார் ஊருக்கு ஊர் உளர். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் மூன்று இணை வெள்ளிப் பொட்டுகளுக்கு அந்த மதிப்பு கிட்டியதில்லை.

ஐந்து குதிரைத்திறன் மும்முனை மின்னோடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் அது முழுச்சுமையில் இழுப்பது ஏறத்தாழ 7.5 ஆம்பியர். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் நோவோல்ட் காயில் எனப்படும் மின்காந்தம் ஒரு சட்டத்தை இழுக்கும். சட்டத்தில் அமைந்த நகரும் தொடுமுனைகள் நிலைத்த தொடுமுனைகளின்மேல் வந்து அமரும். நேராகத் தொடங்கும் மின்னோடி அந்த முதல் நொடிகளில் வழக்கமான ஓட்டத்தைப் போல் ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் அளவு இழுக்கும். வெம்மை முப்பத்தாறு மடங்கு. சட்டம் அமரும் கணத்தில் தொடுமுனைகள் ஒருமுறை மோதி அமைதியுறுவதுமில்லை. மில்லிநொடிக் கணக்கில் துள்ளித் துள்ளி அமரும். ஒவ்வொரு துள்ளலிலும் சிறு மின்வில் ஒன்று எரிந்து அணையும். ஆகவே ஸ்டார்ட்டரின் வாழ்நாளை ஓடும் நேரத்தால் அளப்பதைவிட, எத்தனை முறை தொடங்கினோம் என்பதால் அளப்பதே முறை.

இரண்டு உலோகப் பொட்டுகள் அழுந்தி அமர்ந்திருக்கும் இடத்தில் உண்மையில் நடப்பது யாது? வெறுங்கண்ணுக்கு இரு பரப்புகளும் ஒன்றோடொன்று முழுதும் பொருந்தியவையாகத் தோன்றும். அது மயக்கம். எவ்வளவு மழமழப்பாக இழைத்தாலும் உலோகப் பரப்பு நுண்ணளவில் மேடு பள்ளமே. மேடுகளின் முகடுகள் சில மட்டுமே எதிர்ப்பக்க முகடுகளைத் தொடுகின்றன. தொட்ட முகடுகள் அழுத்தத்தில் நசுங்கும். நசுங்கிய பரப்பு அழுத்தும் விசையைத் தாங்கும் அளவுக்கு விரிந்ததும் நசுக்கம் நிற்கும். செம்பின் கடினம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ நூறு கிலோ எடை. ஆதலால் ஒரு கிலோ எடையளவு விசையால் அழுத்தினால் உண்மையாகத் தொடும் பரப்பு 0.01 சதுர மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள பொட்டின் தோற்றப் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர். ஐயாயிரத்தில் ஒரு பங்கே வேலை செய்கிறது, எஞ்சியது அணிகலன்.

இதிலிருந்து பெறப்படும் முடிபு பட்டறை வழக்கத்துக்கு மாறானது. பொட்டைப் பெரிதாக்கினால் தொடும் பரப்பு கூடும் என்றே எவரும் எண்ணுவர். கூடாது. அழுத்தும் விசை மாறாதவரை, பொட்டு எட்டு மில்லிமீட்டராயினும் பன்னிரண்டாயினும் உண்மைத் தொடுபரப்பு அதே 0.01தான். பெரிய பொட்டு சூட்டை வெளியேற்ற உதவும். தேய்மானத்துக்கு இடம் கொடுக்கும். தடையை மட்டும் குறைக்காது. தடையைத் தீர்மானிப்பவை விசையும் உலோகத்தின் மென்மையும் பரப்பின் தூய்மையும்.

இத்துறையைத் தனி அறிவியலாக நிறுவியவர் சுவீடனில் பிறந்த ராக்னர் ஹோல்ம். பெர்லினில் சீமென்ஸ் ஆய்வகத்திலும் பின்னர் அமெரிக்காவிலும் பணியாற்றிய அவர் பெயரால் மின்தொடுமுனை பற்றிய மாநாடு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. முகடுகள் தொடும் சிறு வட்டத்தின் ஊடே மின்னோட்டம் செல்லும்போது நேரும் தடையை அவர் கணக்கிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக்கடற் காற்றை நெடுகத் தடுத்து நிற்க, பாலக்காட்டுக் கணவாய் என்னும் பெருவாயிலில் அக்காற்று நெருக்கித் திரண்டு உடுமலைப் பக்கம் விரைந்து வீசுவது கொங்கு நாட்டார் அறிந்தது. அகன்ற கடத்தியில் பரந்து வந்த மின்னோட்டமும் அவ்வாறே தொடுபுள்ளியின் வாயிலில் நெருங்கிக் குவிந்து, மறுபுறம் மீண்டும் பரவுகிறது. நெருக்கமே தடை. கடத்தியின் தடைத்திறனைப் புள்ளியின் விட்டத்தால் வகுத்தால் அது கிடைக்கும். மேலே கண்ட 0.01 சதுர மில்லிமீட்டர்ப் புள்ளிக்குத் தடை ஏறத்தாழ 0.15 மில்லி ஓம். அதில் 7.5 ஆம்பியர் ஓடினால் பிறக்கும் வெம்மை நூறில் ஒரு பங்கு வாட்டுக்கும் குறைவு. தூய்மையான, நன்கழுந்திய தொடுமுனை சுடவே சுடாது என்பது இதனால் தெளிவாகும். சுடுகிறதெனின் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

முதலில் கெடுவது பரப்பு. செம்பு காற்றில் கருத்து ஆக்சைடாகிறது. ஆக்சைடு மின்னோட்டத்துக்கு வழிவிடுவதில்லை. வெள்ளியைத் தொடுமுனைக்குத் தேர்ந்ததன் காரணம் அது சிறந்த கடத்தி என்பது மட்டுமன்று. வெள்ளி ஆக்சைடு ஏறத்தாழ 200 செல்சியஸ் வெப்பத்தில் தானே சிதைந்து மீண்டும் வெள்ளியாகும். சூடேறினால் தன்னைத் தானே துலக்கிக்கொள்ளும் உலோகம் அது. ஆனால் தூய வெள்ளி மென்மையானது. மின்வில்லில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே அதனுள் காட்மியம் ஆக்சைடைக் கலந்தனர். காட்மியத்தின் நச்சுத்தன்மை கருதி இப்போது வெள்ளீய ஆக்சைடு கலந்த வெள்ளி அவ்விடத்தைப் பிடித்து வருகிறது. விலை மலிந்த மாற்றுப் பொட்டுகள் சிலவற்றில் செம்பின்மேல் வெள்ளி முலாம் மட்டுமே இருக்கும். சில நூறு தொடக்கங்களில் முலாம் எரிந்துபோனபின் அடியிலுள்ள செம்பு கருக்கும். வாங்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, கோடையில் தெரியும்.

தோட்டத்து ஸ்டார்ட்டருக்கு வேறு பகைவரும் உளர். கதகதப்பை நாடிப் பெட்டிக்குள் குடியேறும் எறும்பு தொடுமுனைகளிடையே நசுங்கிக் கரியாகும். பல்லி சட்டத்தின் நகர்வைத் தடுக்கும். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் பஞ்சுத் துகள் பெட்டியை மூடிப் போர்வையாகி வெம்மையை உள்ளேயே நிறுத்தும். 400 செல்சியஸ் அளவில் பஞ்சு தீப்பற்றும் என்பதையும், கெட்ட தொடுமுனையின் உள்வெப்பம் அதனைக் கடக்கவல்லது என்பதையும் தறிக்காரர் நினைவில் கொள்வது நன்று.

இரண்டாவதாகக் கெடுவது அழுத்தும் விசை. கொங்குச் சிற்றூர்களின் மின்வழங்கல் முறை இங்கேதான் கதைக்குள் வருகிறது. உழவுக்கு மும்முனை மின்சாரம் நெடுங்காலம் நாளின் குறித்த சில மணி நேரமே கிடைத்துவந்தது. அந்நேரம் இரவிலோ விடியலிலோ வந்ததுண்டு. அதற்காக விழித்திருக்க இயலாத உழவர், மின்சாரம் வந்ததும் மின்னோடியைத் தானே தொடங்கிவைக்கும் ஆட்டோ கருவியை ஸ்டார்ட்டரில் பொருத்திக்கொண்டனர். ஒருவர் பொருத்தினால் குற்றமில்லை. ஒரு மின்மாற்றியின் கீழுள்ள அத்தனை தோட்டங்களிலும் பொருத்தினால், மின்சாரம் வந்த அந்த நொடியில் எல்லா மின்னோடிகளும் ஒருங்கே தத்தம் ஆறு மடங்கு ஓட்டத்தை இழுக்கின்றன. மின்னழுத்தம் சரிகிறது. மின்காந்தத்தின் இழுவிசை அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. அழுத்தம் எண்பது விழுக்காடானால் இழுவிசை அறுபத்து நான்கு விழுக்காடுதான். காந்தம் சட்டத்தை முழுதும் மூடிவிட்டால் தொடுமுனைகளை அழுத்தும் பொறுப்பு சுருள்வில்லுடையது, அங்கே சிக்கலில்லை. முழுதும் மூட இயலாத காந்தம் இழுத்தும் விட்டும் இழுத்தும் நடுங்கும். அந்தக் கடகட ஒலி மோட்டார் அறைக்கு வெளியிலும் கேட்கும். ஒவ்வொரு நடுக்கமும் ஒரு துள்ளல். ஒவ்வொரு துள்ளலும் ஒரு மின்வில். ஓராண்டில் தேயவேண்டிய வெள்ளி ஓரிரவில் தேய்ந்துபோகலாம்.

சட்டம் முழுதும் மூடாதபோது காயிலும் தப்பாது. காந்தத்தின் இடைவெளி மூடாதவரை மாறுமின்னோட்டக் காயில் வழக்கத்தினும் பன்மடங்கு ஓட்டம் இழுக்கும், வார்னிஷ் கருகும். பேக்லைட் நெடி வேறு, வார்னிஷ் நெடி வேறு. தேர்ந்த எலக்ட்ரீசியன் பெட்டியைத் திறக்குமுன் எது எரிந்தது என்று கூறுவது இவ்வேறுபாட்டால்தான்.

கேடு தொடங்கியபின் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். தடை கூடினால் சூடு. சூடு கூடினால் ஆக்சைடு. ஆக்சைடு கூடினால் மேலும் தடை. சூடு வில்லையும் தாக்கும். முறுக்கிழந்த வில் மெலிவாக அழுத்தும். மெலிந்த அழுத்தத்தில் தொடுபுள்ளி சுருங்கும். மூன்றில் ஒரு தொடுமுனை இவ்வாறு முற்றிலும் கைவிடும் நாளில் மின்னோடி இருமுனையில் ஓடத் தலைப்படும். எஞ்சிய இரு முனைகளிலும் ஓட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகும். ஓவர்லோடு ரிலே சரியாக அமைக்கப்பட்டிருந்தால் நிறுத்திவிடும். அடிக்கடி நிற்கிறதே என்று அதன் திருகை உச்சத்துக்குத் திருப்பிவைத்திருந்தால் மின்னோடியின் சுற்று எரியும். ஒரு வெள்ளிப் பொட்டின் விலையில் தீர்ந்திருக்கவேண்டியது, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பல நூறடிக் குழாயைக் கழற்றி மேலே ஏற்றும் செலவில் வந்து முடியும். இலவச மின்சாரம் பெறும் உழவர்க்கு வீணாகும் ஓரிரு வாட் ஒரு பொருட்டன்று. தவறிப்போகும் நீர்முறைதான் பொருட்டு.

இனிக் குற்றத்தைக் கண்டறியும் வழி. தொடுமுனையின் தடையைச் சாதாரண மல்ட்டிமீட்டரின் ஓம் அளவையால் அளக்க முயல்வோர் பலர். பயனில்லை. அதன் அளவிக் கம்பிகளின் தடையே அரை ஓம் வரை இருக்க, மில்லி ஓமை எவ்வாறு காண்பது? மேலும் அது செலுத்தும் ஓட்டம் மிகச் சிறிது. சுமையில் நிகழும் கேட்டை அது காட்டாது. காண வேண்டியது, ஓட்டம் பாயும்போது தொடுமுனையின் இரு புறத்துக்குமிடையே வீழும் மின்னழுத்தம். இங்கே தொடுமுனை இயலின் மற்றொரு முடிபு கைகொடுக்கிறது. உலோகத்தில் மின்னோட்டமும் வெம்மையும் ஒரே வழியில்தான் செல்கின்றன. நல்ல மின்கடத்தி நல்ல வெப்பக்கடத்தியுமாகும் என்பதை வீடெமனும் ஃபிரான்சும் 1853இலேயே காட்டினர். அதிலிருந்து, தொடுபுள்ளியின் உள்வெப்பம் அங்கே வீழும் மின்னழுத்தத்தை மட்டுமே பொறுத்தது என்பது பெறப்படும். புள்ளி பெரிதா சிறிதா, ஓட்டம் கூடுதலா குறைவா என்று பார்க்கவேண்டியதில்லை. செம்புத் தொடுமுனையில் 0.12 வோல்ட் வீழ்ந்தால் அதன் உட்புள்ளி 190 செல்சியஸ் அளவை எட்டி இளகத் தொடங்கும், 0.43 வோல்ட்டில் உருகும். வெள்ளிக்கு இவ்வெண்கள் 0.09, 0.37. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்புள்ளியின் வெப்பத்தை அதன் அருகே செல்லாமலே வோல்ட்மானி கூறிவிடுகிறது. இயற்பியலில் இத்துணை அழகிய கருவிமாற்றம் அரிது.

நம் ஐந்து குதிரைத்திறன் மின்னோடிக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். தொடுமுனைத் தடை 20 மில்லி ஓமாக உயர்ந்திருந்தால் 7.5 ஆம்பியரில் வீழ்வது 0.15 வோல்ட், உட்புள்ளி ஏற்கெனவே இளகிய நிலையில் உள்ளது. வெளியே தொட்டால் பொட்டு சற்றே சுடும். உள்ளே நடப்பதைக் கை அறியாது. அதே தொடுமுனையில் தொடக்க ஓட்டமான 45 ஆம்பியர் பாயும் நொடியில் 0.9 வோல்ட் வீழ முற்படும். உருகும் எல்லை 0.37. ஆகவே புள்ளி உருகிப் பரந்து, பரந்ததால் தடை குறைந்து, மின்னழுத்தத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும். மின்னோடி வேகம் பிடித்ததும் உருகியது உறைந்து இரு பொட்டுகளும் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் பொத்தானை அழுத்தியும் மோட்டார் நிற்காத அதிசயம் இவ்வாறு பிறப்பது.

அளக்கும்போது மூன்று முனைகளையும் அளந்து ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக இரண்டு முனைகளில் 20 மில்லிவோல்ட் அளவும் ஒன்றில் 140உம் காட்டினால் ஐயத்துக்கு இடமில்லை. பின்னர், அந்த முனையின் வழியைத் துண்டு துண்டாக அளந்து செல்ல வேண்டும்: உள்வரும் கம்பிக்கும் திருகுக்கும் இடையே, திருகுக்கும் நிலைத்த பொட்டுக்கும் இடையே, பொட்டுக்கும் பொட்டுக்கும் இடையே. இதனை 415 வோல்ட் உயிரோடு பாயும் பெட்டியில் செய்யவேண்டியிருப்பதால், தகுந்த அளவியும் கையுறையும் உரிமமும் உடைய மின்பணியாளர்க்கே உரிய வேலை இது. தோட்டக்காரர் முனையலாகாது.

துண்டு துண்டாக அளப்பதன் தேவைக்குக் காரணமுண்டு. சுடுவது பொட்டாக இருந்தாலும் பிழை அங்கே இல்லாமல் இருக்கலாம். செம்பு வெம்மையை நன்கு கடத்துவதால், பக்கத்துத் திருகில் பிறந்த சூடு குற்றமற்ற பொட்டுக்கு வந்து சேரும். என் மதிப்பில், தீய்ந்தது பாயிண்ட் என்று கழற்றி மாற்றப்படுவனவற்றுள் கணிசமானவை திருகின் குற்றம் சுமந்தவை. கம்பத்திலிருந்து வரும் கம்பி பெரும்பாலும் அலுமினியம். காற்றுப் பட்ட கணமே அலுமினியத்தின்மேல் கடத்தாத ஆக்சைடு படியும். சூட்டில் அது செம்பைக் காட்டிலும் மிகுதியாக விரியும். பித்தளைத் திருகின் பிடியில் விரிய இடமின்றி மெல்லப் பிதுங்கும். குளிர்ந்ததும் சுருங்கித் தளரும். நாள்தோறும் ஓடி நிற்கும் மின்னோடியில் நாள்தோறும் இது நிகழ்கிறது. இருவகை உலோகத்துக்குமான லக் பொருத்தி அழுத்திக் கட்டாமல் கம்பியைச் சுற்றித் திருகிவிட்ட இணைப்பு ஓராண்டு தாங்கினால் வியப்பே. திருகின் பக்கத்துக் கம்பியுறை நிறம் மாறி வறண்டு வெடித்திருந்தால் குற்றவாளி திருகு. கம்பியுறை நலமாயிருக்க, பொட்டின் பேக்லைட் தாங்கி மட்டும் கருத்திருந்தால் குற்றவாளி பொட்டு.

பொட்டே கெட்டது எனத் தெளிந்தபின் நம்மவர் கை உப்புத்தாளை நாடும். நான்கு இழுப்பில் கருமை போய் வெள்ளி மின்னும், மோட்டாரும் ஓடும், கூலியும் கிடைக்கும். இவ்வழக்கத்தை நான் ஒப்பவில்லை. வெள்ளித் தொடுமுனையின் கருமை பெரும்பாலும் தீங்கற்றது. அடுத்த தொடக்கத்தின் மின்வில் அதனை எரித்துவிடும். உப்புத்தாளோ வெள்ளியைத் தின்கிறது. அதன் மணல் துகள்கள் மென்மையான வெள்ளியில் பதிந்து கடத்தாத தடுப்புகளாக நிற்கின்றன. தேய்த்துப் பொட்டின் உயரம் குறையக் குறைய, சட்டம் மூடும்போது வில் அமுங்கும் தொலைவும் குறைகிறது. அழுத்தும் விசை குறைகிறது. பளபளப்பைக் கூட்டி விசையைக் குறைக்கும் இவ்வேலை, மேலே கண்ட கணக்கின்படி நோயை வளர்ப்பது. ஒட்டி உருகிப் புடைத்த கட்டி இருந்தால் மட்டும் மென்மையான அரத்தால் அதனை நீக்கலாம். கிரீஸ் தடவுவதோ முற்றிலும் தகாது. மின்வில்லில் அது கரியாகும்.

மாற்றுவதாயின் மூன்று இணைகளையும் வில்களையும் ஒருங்கே மாற்ற வேண்டும். புதிய பொட்டின்மேல் பழைய வில்லைப் பொருத்தினால் வெம்மையில் முறுக்கிழந்த வில் புதியதையும் சில மாதங்களில் கருக்கிவிடும். ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் ஒவ்வாமல் மூன்றும் ஒரே கணத்தில் தொடா. மாற்றியபின் சட்டத்தைக் கையால் அழுத்தி, மூன்று பொட்டுகளும் ஒருங்கே அமர்கின்றனவா, அமர்ந்தபின்னும் வில் சற்றே அமுங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்ட நிலையில் என்பதைச் சொல்லவேண்டியதில்லை, எனினும் சொல்கிறேன். ஆட்டோ கருவி உள்ள தோட்டங்களில் மின்சாரம் வந்தபின் தொடங்குவதற்கான காலத்தாழ்வை ஒவ்வொருவரும் வெவ்வேறாக, ஒருவர் அரை நிமிடம் மற்றவர் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மின்மாற்றியின் அழுத்தம் சரியாது, காந்தங்கள் நடுங்கா. இதற்குச் செலவு ஏதுமில்லை. கருவியில் ஒரு குமிழைத் திருப்புவதும், அடுத்த தோட்டத்துக்காரரோடு ஒரு பேச்சும் போதும். கழற்றிய பழைய பொட்டுகளை எறிந்துவிட வேண்டாம். அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைபோட்டு வாங்குவோர் இருக்கின்றனர்.